கடைசிக்கு முந்தின வண்டி

கோல் விழுந்தபோது அவர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தார்கள். அவன் ஸ்கூட்டரின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். அவள் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். காதை மூடியிருந்ததையும் மீறி அந்த இரைச்சல் உள்ளே வந்தது. மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே ஒரு தொண்டையால் கத்தியது. காலுக்கடியில் தரை லேசாக அதிர்ந்தது.

"யாரோ போட்டுட்டாங்க போல," என்றான் அவன்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு கோல்கூட விழவில்லை. இரண்டு அணிகளும் பந்தை இங்கேயும் அங்கேயும் உதைத்துக்கொண்டிருந்ததை அவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்தவள் அவள்.

"பரவாயில்ல விடு. இந்தக் கூட்டத்துல மாட்டியிருந்தா நசுங்கியிருப்போம்."

சாலை துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. வழியில் எந்த சிக்னலும் அவர்களை நிறுத்தவில்லை. அதை அவன் வண்டி ஓட்டிக்கொண்டே இரண்டு முறை திரும்பிச் சொன்னான். வீட்டுக்கு வந்தார்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சீக்கிரம் வந்து செய்யவேண்டிய வேலை என்று அந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

"பார்த்தியா, எவ்வளவு சீக்கிரம் வந்துட்டோம்," என்றான்.

பேருந்து நிலையத்தின் வாயிலில் ஒரு தகரக் கூண்டு இருக்கிறது. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு மின்விசிறி, அவன். டைம் கீப்பர். வண்டிகளைக் கிளப்பிவிடுவது வேலை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில் தொங்கும். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், வாசலில் வெள்ளரிக்காய் விற்பவர் எல்லாரும் அவனை விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி டீ குடித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநரை எழுப்பிவிடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. டம்ளரோடு ஓடிவந்து வண்டியில் ஏறி, மறுநாள் டம்ளரைக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. கடைசி வண்டியில் ஏறக்கூடாது. கடைசிக்கு முந்தின வண்டியில் ஏறிவிட வேண்டும். கடைசி வண்டியில் கூட்டம் பிதுங்கும், டயர் அதில்தான் பஞ்சராகும், நடத்துநர் எரிந்து விழுவார். கல்யாணமான புதிதில் இதை அவன் சொன்னபோது, பேருந்தைப் பற்றித்தான் சொல்கிறான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் அவன் முதலில் தேடுவது வெளியே போகும் வழியை. சினிமாவில் கதாநாயகி அந்தக் கதவைத் திறக்கக் கையை நீட்டுகிறாள், கொலைகாரன் யார் என்று தெரியப்போகிறது, அப்போது மனைவியின் தோளில் அவன் விரல் தட்டும்.

"அந்த டாக்டர்தான். தெரிஞ்சுபோச்சு. வா, கிளம்பலாம்."

மறுநாள் தான் வேலை செய்கிற மருத்துவமனையில், அந்தப் படத்தைப் பார்த்திருந்த வார்டுப் பெண்ணிடம் கேட்டாள். டாக்டர் இல்லையாம். டாக்டரே செத்துப்போய்விடுகிறாராம். பிறகு யார் என்று அந்தப் பெண் சொல்ல வாயெடுத்தபோது ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காசு கொடுத்துப் படம் பார்த்தவள் கேட்கிற கேள்வியா அது.

கடற்கரையில் சூரியன் பாதி முங்கியிருந்தது. எழுந்து பின்னால் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். "மீதியும் இப்படித்தான் இருக்கும்," என்றான். அவளுடைய தோழியின் கல்யாணத்தில் எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுத்தபோது அவர்கள் இருவரும் வீட்டுக்குப் பாதி வழி வந்திருந்தார்கள். "நீ என் கல்யாணத்துக்கு வரவே இல்லல்ல?" என்று தோழி இன்றைக்கும் கேட்கிறாள். ஒரு படத்தில் தோள்பட்டையாவது விழுந்திருந்தால் எடுத்துக் காட்டலாம்.

அவனுடைய அக்காவிடம் ஒரு முறை சொல்லி அழாத குறை.

"அவன் எட்டாம் மாசமே பொறந்துட்டான்மா," என்றாள் நாத்தனார், துணி மடித்துக்கொண்டே. "எங்கம்மா வயித்துலயே அவனுக்கு முழுசா இருக்கப் பொறுமை இல்ல. நீ சினிமாங்கற."

சண்டையிலும் அப்படித்தான். அவள் மனதுக்குள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, விஷயத்துக்கு வருவதற்குள் அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வான். "சரி, என் தப்புதான். விடு." மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறவனை எங்கே பிடித்து நிறுத்தித் திட்டுவது? மிச்சச் சண்டையை அவள் பாத்திரங்களோடு போட்டுக்கொண்டாள். இரண்டு மூடிகள் நெளிந்திருந்தன.

கெட்டவன் என்று சொல்லவும் வழியில்லை. தண்ணீர் பாட்டிலை அவன்தான் சுமப்பான். அவளுக்குத் தலைவலி என்றால் கூண்டிலிருந்து போன் செய்து மாத்திரை போட்டாயா என்று கேட்பான். பதிலைக் கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிடுவான்.

அவள் வேலை வேறு மாதிரி. மருத்துவமனையின் தரைத்தளத்தில் கடைசி அறை, மாவுக்கட்டு அறை. முறிந்த எலும்பை டாக்டர் இழுத்து நேராக்கிவிட்டுப் போய்விடுவார். அவள் ஈரத் துணிச்சுருளைச் சுற்றி, உள்ளங்கையால் தடவித் தடவி வழவழப்பாக்கி, பிறகு அந்தக் கையையோ காலையோ பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாவு முதலில் சூடாகும். பிறகு ஆறும். ஆறி இறுகும்வரை கையை எடுக்கக்கூடாது. மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் நோயாளிகள் ஏதாவது பேசுவார்கள். எப்படி விழுந்தோம் என்பதில் தொடங்கி, எந்த மருமகள் வந்து பார்க்கவில்லை என்பதுவரை. எல்லாக் கதைகளையும் அவள் முழுதாகக் கேட்டிருக்கிறாள். வார்டில் அவளுக்கு மாவுக்கா என்று பெயர். வீட்டில் அவனும் மாவு என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

அந்த ஆட்டத்துக்குச் சீட்டு கொடுத்ததே அவளிடம் கட்டுப் போட்டுக்கொண்ட ஒருவர்தான். உள்ளூர் அணியில் பின்வரிசைக்காரர். மணிக்கட்டு முறிந்து வந்து, அது கூடி, திரும்ப ஆடப் போகிற முதல் ஆட்டம் என்று இரண்டு சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் மிட்டாய்ப் பெட்டியோடு கட்டு அறை வாசலில் நின்றார். ஆள் பனைமரம் மாதிரி. முகம் மட்டும் பரிசு வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது.

"பார்த்தீங்களா சிஸ்டர்?"

"பார்த்தேனே," என்றாள் அவள். வேறு என்ன சொல்வது?

"இத்தனை வருஷமா ஆடறேன். கோல் போட்டதே இல்ல. என் வேலை தடுக்கறதுதானே. நேத்துதான் முதல் தடவை."

போட்டது இவர்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க எங்க உட்கார்ந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ல, சீட்டு குடுத்ததே நான்தானே. போட்டதும் நேரா உங்க பக்கம்தான் ஓடி வந்தேன். கையைத் தூக்கிக் காட்டினேன். இந்தக் கை, நீங்க கட்டின கை."

"நானும் கை ஆட்டினேன்," என்றாள்.

"அந்தக் கூட்டத்துல எனக்குத் தெரியல சிஸ்டர்."

அன்று பூராவும் அவள் கண்ணில் அந்த இரண்டு காலி நாற்காலிகளே நின்றன. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

"ரெண்டு காலி நாற்காலியைப் பார்த்து அந்த மனுஷன் கையைக் காட்டிட்டுப் போயிருக்கார்."

"ஐயையோ." உண்மையாகவே அவன் முகம் சுருங்கியது. "சரி, என் தப்புதான். விடு." செருப்பு வாசலில் தயாராக இருந்தது.

அந்த வாரம்தான் தலைமைச் செவிலி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். துறைமுக ஊரில் இருக்கிற கிளை மருத்துவமனையில் புதிதாக மாவுக்கட்டு அறை திறக்கிறார்களாம். அனுபவம் உள்ள ஆள் ஒருத்தர் வேண்டுமாம்.

"சம்பளம் இதேதான். கூட ஒண்ணும் கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன். தங்க ஒரு ரூம் குடுப்பாங்க. புதுசா கல்யாணமானவ, உன்னைக் கேட்கறதே தப்பு. இருந்தாலும் கேட்டு வைக்கணும்ல. திங்கக்கிழமை சொல்லு."

யோசித்துப் பார்த்தாள். அந்த ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லை. உப்புக் காற்றில் துணி காயாது, தலைமுடி பிசுபிசுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அங்கே இருந்த ஒரே வசதி, அவன் இருக்கமாட்டான் என்பது. அது சின்ன வசதியாகத் தெரியவில்லை. சனிக்கிழமை அவனிடம் பேசினாள்.

"நாளைக்கு மலைக்குப் போலாம்."

"மலைக்கா? அங்க என்ன இருக்கு?"

"மலை இருக்கு."

"கூட்டம் வருமா?"

"வராது. அங்க வாசல் கிடையாது, கேட்டு கிடையாது, முடியற நேரம்னு ஒண்ணு கிடையாது. ஏறணும். உச்சியில உட்காரணும். அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம் உட்காரணும்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அவன் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. "ஸ்கூட்டர் அவ்வளவு தூரம் இழுக்காது. பஸ்ஸுலதான் போகணும். அடிவாரத்துல இருந்து திரும்பறதுக்குச் சாயங்காலம் ரெண்டு வண்டி இருக்கு. நாம அதுல முதல் வண்டியைப் பிடிச்சுட்டம்னா..."

"வண்டிப் பேச்சு எடுத்தா நான் வரல. நீங்களே போய் ஏறிட்டு இறங்குங்க."

"சரி சரி. நீ போதும்னு சொல்ற வரைக்கும் இருக்கேன். சத்தியம்." அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வந்தான். கையைத் தட்டிவிட்டாள்.

அவனிடம் சொல்லாமல் அவள் தனக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். மலையிலும் பாதியில் திருப்பிக் கூட்டிவந்தான் என்றால், திங்கட்கிழமை தலைமைச் செவிலியிடம் போகிறேன் என்று சொல்லிவிடுவது. உச்சியில் உட்கார்ந்து, அவள் வாயால் போதும் என்று சொல்லும்வரை இருந்தான் என்றால், போகவில்லை என்று சொல்லிவிடுவது.

அடிவாரத்தில் ஒரு வழிகாட்டிப் பெண் இருந்தாள். வாய்த் துடுக்கான இளம் பெண். அவர்களோடு ஓர் அச்சகத்தில் வேலை செய்கிற மூன்று நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் சொந்த வேனில் வந்திருந்தார்கள். ஏறுவதற்கு முன் வழிகாட்டிப் பெண் எல்லாரையும் நிறுத்தி மேலே கையைக் காட்டினாள். உச்சிக்குச் சற்றுப் பக்கவாட்டில் ஒரு பாறை கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"மேகம் அந்தக் கொம்பைத் தொட்டுச்சுன்னா, எங்க நிக்கறமோ அங்கயிருந்தே திரும்பிடணும். உச்சிக்கு ஒரு முழம் பாக்கி இருந்தாலும் சரி. அப்புறம் அழக்கூடாது."

"விவரமான பொண்ணு," என்றான் அவன் மனைவியின் காதருகே. பிறகு உரக்கக் கேட்டான். "இறங்கறதுக்கு வேற வழி ஏதாவது இருக்கா? சீக்கிரமா?"

"இருக்கே. உருண்டீங்கன்னா ரொம்ப சீக்கிரம்."

அச்சக நண்பர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, அந்த வழியும் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

முதலில் புல்வெளி, பிறகு புதர், பிறகு வெறும் கல். கொஞ்சம் ஏறுவதும், திரும்பி வந்த வழியைப் பார்ப்பதுமாக அவன் வந்தான். நடுவில் ஒரு தட்டையான இடத்தில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். எல்லாரும் காலை நீட்டியபோது அவன் மட்டும் பையைக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணன் மாதிரி ஆளுங்கதான் மலைக்கு வேணும்," என்றாள் வழிகாட்டிப் பெண். "முன்னாடியே கிளம்பறவங்களை இதுவரைக்கும் நான் தூக்கிட்டு இறங்கினதில்ல."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். கேட்டாயா என்கிற பார்வை. உலகத்தில் இவனை மெச்சுவதற்கும் ஒருத்தி, அதுவும் இவ்வளவு உயரத்தில் வந்து கிடைக்க வேண்டுமா என்று அவளுக்கு இருந்தது. முட்டை ஓட்டைக் காகிதத்தில் கசக்கிக் கட்டினாள்.

ஆனாலும் ஏறினார்கள். தொடை நடுங்கியது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. அவன் ஒரு முறைகூட வண்டியைப் பற்றிப் பேசவில்லை. வாயைத் திறப்பான், அவள் முகத்தைப் பார்ப்பான், மூடிக்கொள்வான். ஒரு வளைவு திரும்பியதும் உச்சி தெரிந்தது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கற்களைக் குவித்து நடுவில் ஓர் இரும்புக் கம்பியை நட்டுவைத்திருந்தார்கள். கம்பியில் யாரோ கட்டிய துணி பறந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவளுக்குள் ஏதோ தளர்ந்தது. துறைமுக ஊர் கொஞ்சம் தள்ளிப்போனது.

"அவ்வளவுதான், திரும்புங்க," என்றாள் வழிகாட்டிப் பெண்.

கொம்புப் பாறையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. அச்சக நண்பர்கள் முனகிக்கொண்டே திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். அழுகை வரும்போல இருந்தது. மேகம்கூட இவனைப் போலவே இருந்தால் ஒருத்தி என்னதான் செய்வாள்?

அப்போதுதான் பார்த்தாள். அவன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"நாங்க வரல," என்றான் வழிகாட்டிப் பெண்ணிடம். "நீங்க இறங்குங்க. நாங்க ரெண்டு பேரும் உச்சிக்குப் போய்ட்டு வரோம்."

"அண்ணே, விளையாடாதீங்க. அது இறங்கிடுச்சுன்னா நீட்டின கை தெரியாது."

"இதோ தெரியுதே உச்சி. நான் வாக்கு குடுத்திருக்கேங்க இவங்களுக்கு."

"வாக்கை அடிவாரத்துல வந்து காப்பாத்துங்க. எழுந்திருங்க."

"முடியாது."

அவளுக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. சினிமாக் கொட்டகையில் எழுந்தவன். கடற்கரையில் எழுந்தவன். ஒரு மனிதனுடைய வாழ்க்கையின் ஒரே கோலுக்கு முன்னால் எழுந்தவன். இங்கே, ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் மேகமுமாக இருக்கிற இடத்தில், அடை காக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறான். போன மழைக்காலத்தில் இதே மலையில் விழுந்த ஒருவனுக்கு அவள் இரண்டு காலிலும் தொடைவரை கட்டுப் போட்டிருந்தாள். வழிகாட்டி சொன்னதைக் கேட்காமல் மேலே போனவன். கட்டு இறுகும்வரை அவன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எழுந்திருங்க," என்றாள். "இறங்கலாம்."

"நீதானே சொன்னே. போதும்னு நீ சொல்ற வரைக்கும் இருக்கணும்னு."

"போதும்."

"நிஜமா?"

"போதும், போதும், போதும்! எழுந்து தொலைங்க!"

அவன் உடனே எழுந்தான். முகத்தில் ஒரு நிம்மதி. "அப்ப சரி," என்றான். "வாக்கு தவறலல்ல நான்?"

வழிகாட்டிப் பெண் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

இறங்குகிற வழியெல்லாம் மேகம் பின்னாலேயே வந்தது. அவன் இரண்டு தடவை, "நான் இருக்கத் தயாராத்தான் இருந்தேன்," என்றான். அவள் காலடிக் கல்லைப் பார்த்தே நடந்தாள். உச்சியில் உட்காரவும் இல்லை, அவன் திருப்பிக் கூட்டிவரவும் இல்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒரு பந்தயத்தைக்கூட ஒழுங்காக முடிக்க விடாத ஆள்.

அடிவாரத்துக்கு வந்தபோது சாலையில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. முதல் வண்டி அப்போதுதான் போயிருந்தது. கல்லின் மேல் உட்கார்ந்து வாதாடாமல் இருந்திருந்தால் பிடித்திருக்கக்கூடிய வண்டி. அச்சக நண்பர்களின் வேனில் சாமான் நிறைந்திருந்தது, கையாட்டிவிட்டுப் போனார்கள். வழிகாட்டிப் பெண் சைக்கிளில் ஏறித் தன் வீட்டுக்குப் போனாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு, மேலே தகரக் கூரை. இருவரும் உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்கும் நான் பார்க்கல," என்றாள்.

"அது என் தப்பில்லையே. நான் போலாம்னுதான் சொன்னேன். நீதான் போதும்னே."

"மத்த நாள்லாம் எங்க போச்சுங்க இந்த வீரம்? ஆட்டத்துல உட்கார்ந்திருந்தா கால் உடைஞ்சிருக்குமா? கடல்ல சூரியன் முழுசா முங்கினா நாமளும் சேர்ந்து முங்கிடுவமா?"

"சரி, என் தப்புதான். விடு." எழுந்தான். செருப்புக்குப் பதில் காலில் ஷூ இருந்தது. சாலையின் விளிம்புவரை போனான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். ஒரு நாய் படுத்திருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"போங்களேன். எங்கயோ கிளம்பினீங்களே."

"எங்கயும் இல்ல."

அப்போது அவளுக்குப் புரிந்தது. இவனுக்குப் போக இடமில்லை. ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்ததை எடுத்துப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தோழியின் கல்யாணப் படத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். நெளிந்த மூடிகளைச் சொன்னாள். பதிலைக் கேட்காமல் வைக்கிற போனைச் சொன்னாள். கடைசியில் துறைமுக ஊரையும் சொன்னாள். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னாள்.

அவன் நிமிர்ந்தான். "துறைமுகத்துக்கா? நம்ம ஸ்டாண்டுல இருந்தே நேர் வண்டி இருக்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ அங்க ஏறினா..."

"வண்டி கேட்டனா உன்னை?"

அந்த 'உன்னை' பெஞ்சின் மேல் வந்து விழுந்ததை இருவரும் கேட்டார்கள். கல்யாணமானதிலிருந்து அவனை அவள் அப்படிச் சொன்னதில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"சம்பளம் கூடக் குடுக்கறாங்களா?" என்றான் மெதுவாக.

"இல்ல. இதேதான்."

"அப்புறம் எதுக்குப் போகணும்?"

"அங்க நீ இருக்கமாட்டே. அதுக்கு."

என் தப்புதான் என்று அவன் சொல்லவில்லை. கழுத்தில் கை வைத்துத் தடவினான். ஞாயிற்றுக்கிழமை, விசில் அங்கே இல்லை.

"உன்னை எங்கயாவது கூட்டத்துல இடிபட விட்டிருக்கேனா நான்?"

"இடிபடறேன். நல்லா இடிபடறேன். கோல் விழறதைப் பார்த்துட்டு இடிபட்டுக்கிட்டே வீட்டுக்கு வரேன். உனக்கென்ன வந்துச்சு?"

"எல்லாம் முடிஞ்சதும் ஒரே நேரத்துல எழுந்து, திரும்பிக்கூடப் பார்க்காம போவாங்கல்ல. எனக்கு அது ஒரு மாதிரி இருக்கும். ஸ்டாண்டுல தினம் பார்க்கறேன். எல்லாரையும் அனுப்பிட்டுக் கடைசியா நிக்கறவன் நான்தான்."

"அதனால?"

"அதனாலதான் முன்னாடியே..."

"அதனால கொலைகாரன் யாருன்னு தெரியாமலே நான் சாகணுமா?"

"அந்த டாக்டர்தான்."

"டாக்டர் இல்ல! டாக்டர் செத்துப்போய்ட்டார்!"

"எப்ப?"

"நாம வெளிய வந்தப்புறம்!"

அவன் உண்மையிலேயே அதிர்ந்துபோயிருந்தான். "அப்ப யாரு?" என்றான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

அப்போது அவன் தலையைச் சாய்த்தான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டுவிட்டது. இரண்டு வளைவுக்கு அப்பால் ஏதோ ஒரு எஞ்சின் முக்கிக்கொண்டு வந்தது. அவன் கை பையின் வாரைப் பிடித்தது. முட்டி மடங்கி நிமிர ஆயத்தமானது. அவ்வளவுதான், கிளம்பிவிட்டான் என்று நினைத்தாள். சொல்ல வந்ததை அப்படியே நிறுத்திக்கொண்டாள். நாளைக்குத் தலைமைச் செவிலியிடம் சொல்ல வேண்டிய சொல் மட்டும் நாக்கில் நின்றது.

வண்டி வந்து நின்றது. படியில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"அட, விசில் அண்ணே! நீங்க இங்க என்ன பண்றீங்க? ஏறுங்க, ஏறுங்க. இடம் இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். நடத்துநரைப் பார்த்தான். கை பையிலிருந்து விலகியது.

"பேசிட்டு இருக்கோம்," என்றான். "நீ போ."

"அண்ணே?"

"போப்பா. நேரமாகுதுல்ல."

கையில் விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பான். நடத்துநர் அவளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், மணியை அடித்தார். ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் கழுத்தைத் திருப்பி அவர்களைப் பார்த்துக்கொண்டே போனார். வண்டி திருப்பத்தில் மறைந்தது.

பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அடுத்த வண்டி எப்போ?"

"காலையில."

"இதுவா கடைசி வண்டி?"

"ஆமா."

"தெரிஞ்சேவா போகச் சொன்னே?"

"நீ பேசிட்டு இருந்தியே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் எழுந்து ஓடியவன், எழுந்து ஓட வேண்டிய இடத்தில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். முட்டி வலித்தது. போனை எடுத்துப் பார்த்தாள், மலை மறைத்துக்கொண்டிருந்தது. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பையில் ஒரே ஓர் ஆரஞ்சு பாக்கி. வெயில் மலையின் தோளைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"பால் வண்டி ஏதாவது வராமலா போகும்," என்றான் அவன். "சொல்லு. எங்க விட்டே? சூரியன்லயா?"

துறைமுக ஊருக்குப் போகப் போவதில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் சண்டை முடிந்துவிடும். முடிந்துவிட்டது என்று தெரிந்தால் இவன் எழுந்துவிடுவான்.

"சூரியன் இல்ல," என்றாள். ஆரஞ்சை உரித்துப் பாதியை அவன் கையில் வைத்தாள். "அதுக்கெல்லாம் முன்னாடி இருந்து வரேன். உட்காரு."

அவன் உட்கார்ந்துதான் இருந்தான்.